பெட்டிக்குள் ஒலித்த பெயர்கள்

எங்கள் வீட்டுக்கு றேடியோ வந்தது 1969இல், பெரும்போக அறுவடை முடிந்த கையோடு. வாப்பா நெல் வியாபாரம் செய்தவர். கல்முனைக்குப் போன ஒரு நாளில், கையில் ஒரு பிலிப்ஸ் பெட்டியோடு வந்து இறங்கினார். அதைக் கொண்டுவந்து வைப்பதற்கு வீட்டில் ஓர் இடம் இருக்கவில்லை. கடைசியில் மண்டபத்து மூலையில் மூத்தம்மாவின் வெற்றிலைத் தட்டம் இருந்த மேசையைக் காலிபண்ணி, அதன்மேல் உம்மா கையால் பின்னிய ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டு அமர்த்தினார்கள். மூத்தம்மா அன்றைக்கு முழுக்க அந்தப் பெட்டியின் பக்கம் முகம் கொடுக்கவில்லை. வெற்றிலைத் தட்டத்தை இடம் மாற்றியதற்காகத்தான் என்று நான் நினைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. வீட்டுக்குள் அந்நிய ஆண்களின் சத்தம் கேட்கலாமா என்பது அவவின் கேள்வி. அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் எங்களைப் போன்ற பல ஊர்களில் றேடியோ நுழைந்த கதை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அரசியலும் போரும் எழுதப்பட்ட அளவுக்கு இந்தக் கதை எழுதப்படவில்லை. எங்கள் சமூகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பள்ளிவாசல்களையும் பாராளுமன்ற உறுப்பினர்களையும் எழுதுவார்கள். மண்டபத்து மூலையில் இருந்த பெட்டியை எழுதமாட்டார்கள். ஆனால் ஒரு வீட்டில் யார் பேசலாம், யாருடைய பெயர் வெளியில் கேட்கலாம், பெருநாள் எந்த நாள் என்பதையெல்லாம் அந்தப் பெட்டி தொட்டுக் குழப்பியிருக்கிறது. எனக்குத் தெரிந்த அளவில் சிலவற்றை எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன்.

கொழும்பில் ஒலிபரப்பு ஆரம்பமானது 1925 டிசம்பரில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர் பரிசோதனை ஒலிபரப்புகளை நடத்தியிருந்தார். முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஒரு ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளிலிருந்து அவர் தனது ஒலிபரப்பியை உருவாக்கியதாகச் சொல்வார்கள். ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளுள் ஒன்று அது. எனினும் எங்கள் பக்கத்தில் அதைப்பற்றி எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. படையினருக்காக ‘றேடியோ சியாக்’ என்ற பெயரில் சக்திவாய்ந்த சிற்றலை நிலையமொன்று அமைந்தது. போர் முடிந்தபின் அந்த வசதிகள் இலங்கையின் கைக்கு வந்தன. 1949இல் ‘றேடியோ சிலோன்’ பிறந்தது. மறுவருடம் வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த கிளிஃபர்ட் டொட் என்ற அவுஸ்திரேலியர் அதை வளர்த்தெடுத்தார். போருக்காகக் கட்டப்பட்ட ஓர் இயந்திரம் பற்பசை விற்கவும் பாட்டுப் போடவும் பயன்பட்டது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இந்தச் சின்னத் தீவின் வானொலி இந்தியாவையே ஆண்டது என்று எங்கள் ஊர்க் கிழவர்கள் பெருமையடிப்பார்கள். அதில் மிகை இருந்தாலும் பொய்யில்லை. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கெஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதியவர். அகில இந்திய வானொலியிலிருந்து அந்தப் பாட்டுகள் ஒதுங்கிப்போயின. இந்திய நேயர்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தார்கள். அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ அதே 1952இல்தான் றேடியோ சிலோனில் ஆரம்பித்தது. பம்பாயில் ஒலிப்பதிவாகி, விமானத்தில் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து மீண்டும் இந்தியாவுக்கே காற்றில் போயிற்று. தமிழிலும் அதே கதைதான். எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலுக்குத் தமிழகத்தில் இருந்த செல்வாக்கை அந்தத் தலைமுறைத் தமிழகத்தார் இன்றும் சொல்வார்கள். இந்தியா விழித்துக்கொண்டு 1957இல் விவித பாரதியைத் தொடங்குவதற்குள் கொழும்பு வேரூன்றிவிட்டது. ஒரு அமைச்சர் தம் நாட்டு மக்களின் ரசனையைத் திருத்தப்போய் அடுத்த நாட்டு வானொலியை வாழவைத்தார். எங்கள் மூத்தம்மாவும் கெஸ்கரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கட்சியில் இருந்தார்கள் என்று பிற்காலத்தில் நான் சிரித்துக்கொண்டதுண்டு.

ஆனால் மூத்தம்மாவைத் தோற்கடித்தது சினிமாப் பாட்டல்ல, பிறை.

றேடியோ வருமுன் பிறை பார்ப்பது எங்கள் ஊரின் சொந்தக் காரியம். மஃரிப் தொழுதுவிட்டுக் கடற்கரைக்கும் வயல் வரம்புக்கும் ஆட்கள் போவார்கள். கண்டவர் வந்து பள்ளிவாசலில் சொல்ல, நகரா அடிப்பார்கள். பக்கத்து ஊரில் காணாவிட்டால் அது அவர்களது பாடு. றேடியோ வந்தபின் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடி எடுக்கப்படும் தீர்மானம் அதே இரவில் எங்கள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. நோன்புப் பிறை தேடும் மாலையில் எங்கள் வீட்டு முற்றம் நிறைந்துவிடும். றேடியோவை ஹராம் என்று குத்பாவில் சொன்ன மௌலவி ஒருவரும் அந்தக் கூட்டத்தில் வந்து, வேலியோரமாக நின்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் கண்டதும் வாப்பா கதிரை எடுத்துவந்து போட்டார். அவர் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டுவிட்டுப் போனார்.

மூத்தம்மாவின் எதிர்ப்பு அன்றோடு தளர்ந்தது. பிறை சொல்லும் பெட்டியை வேண்டாமென்று எப்படிச் சொல்வது? அடுத்த ரமழானில் சஹர் நிகழ்ச்சிக்கு எங்களை எழுப்பியதே அவதான்.

இங்கு ஒரு சின்னக் கணக்கைச் சொல்லவேண்டும். கொழும்பு கிட்டத்தட்ட 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு அண்மையில் இருக்கிறது. எங்கள் கரை 82 பாகைக்கு அண்மையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் எடுக்கும். ஆக, எங்களுக்குச் சூரியன் கொழும்பைவிட ஏறக்குறைய 8 நிமிடம் முந்தி உதித்து, 8 நிமிடம் முந்தி மறைகிறது. வானொலியில் கொழும்பு நேரத்துக்கு மஃரிப் பாங்கு சொல்லும்போது எங்கள் ஊரில் நோன்பு திறந்து கஞ்சியில் பாதி குடித்திருக்கலாம். அதை நம்பிக் காத்திருந்தவர்கள் வீணாகப் பசித்திருந்தார்கள். அதனால் பெரிய குற்றமில்லை. பிரச்சினை சஹரில்தான். கொழும்பின் நேரத்தை நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எங்கள் ஊரில் சுபஹு நேரம் வந்து 8 நிமிடம் போயிருக்கும். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணையைப் பார்ப்பவர்களுக்கும் றேடியோவை நம்புபவர்களுக்கும் இது பற்றி நடந்த வாதம் ஒரு ரமழான் முழுக்க நீண்டது. ‘றேடியோக்காரனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்’ என்று வாதாடியவர்களில் எங்கள் வாப்பாவும் ஒருவர். பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படித்துக்கொண்டிருந்த என் ராத்தாதான் ஒரு தோடம்பழத்தையும் அரிக்கன் லாம்பையும் வைத்து வாப்பாவுக்கு அதை விளங்கப்படுத்தினாள். வாப்பா தோடம்பழத்தை வாங்கி உரித்துத் தின்றுவிட்டு, ‘சரி மகள், நாளையிலிருந்து எட்டு நிமிசம் முந்தி எழும்புவம்’ என்றார். மகள் சொல்லிக் கேட்பதில் அவருக்கு ஒரு சந்தோசம் இருந்தது. இதை நான் குறித்துவைப்பதற்குக் காரணமுண்டு. பின்னால் நடந்ததை வைத்து அவரைக் கல்நெஞ்சர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

1967இல் வானொலி கூட்டுத்தாபனமாக மாறியிருந்தது. 1972இல் நாடு குடியரசானபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் பெற்றது. ஆனால் தமிழகத்துக்கும் எங்களுக்கும் அது ‘சிலோன் றேடியோ’வாகவே இருந்தது. எழுபதுகள் அதன் தமிழ்ச் சேவையின் பொற்காலம் என்பார்கள். பொற்காலம் என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை குறைவு. எங்கள் வயிற்றுக்கு அது பஞ்சகாலம். 1973, 74இல் பாணுக்கு வரிசை, அரிசியைக் கொண்டுசெல்லத் தடை, இறக்குமதிக் கட்டுப்பாடு. பெட்டரி கிடைப்பதே பெரும்பாடு. தளர்ந்த பெட்டரிகளை உம்மா பாயில் வைத்து வெயிலில் காயப்போடுவா. பக்கத்தில் மிளகாயும் காயும். மாலையில் அவற்றைப் போட்டால் கால் மணித்தியாலம் குரல் தெளிவாக வரும். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலாகி மெல்ல அடங்கும். அந்தக் கால் மணித்தியாலத்தில் எதைக் கேட்பது என்பதில்தான் வீட்டின் அரசியல் நடந்தது. செய்தி வாப்பாவுக்கு, முஸ்லிம் நிகழ்ச்சி மூத்தம்மாவுக்கு. மிஞ்சினால் பாட்டு எங்களுக்கு.

ஆயினும் அந்தக் குரல்கள் எங்களுக்குச் செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. கே.எஸ். ராஜாவின் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு, பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்புச் சுத்தம். கடைசிப் பெயர் எங்களுக்கு வேறொரு வகையில் முக்கியம். முஸ்லிம்கள் பேசுவது தமிழா என்று பள்ளிக்கூடத்தில் நையாண்டி கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. எங்கள் ‘செல்லு’வும் ‘ஈக்கி’யும் பிறருக்குச் சிரிப்பு. அந்த வேளையில் நாடு முழுக்க, கடல் தாண்டியும், நல்ல தமிழுக்கு உதாரணமாகக் காட்டப்பட்ட குரல் ஒரு முஸ்லிமுடையதாக இருந்தது. எங்கள் தமிழாசிரியர் ழகரத்துக்கு அவரை மேற்கோள் காட்டுவார். 1976இல் ‘கோமாளிகள்’ திரைப்படமாக வந்தபோது எங்களூரிலிருந்து பஸ் ஏறிப்போய்ப் பார்த்தவர்கள் நடிகர்களைப் பார்க்கப் போகவில்லை. வானொலி நாடகத்தில் கேட்ட குரல்களுக்கு முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் போனார்கள். திரும்பி வந்து, ‘நான் நெனச்ச முகமில்ல’ என்று ஏமாந்தவர்களே அதிகம்.

ராத்தாவுக்கு இந்தக் குரல்கள் மனப்பாடம். கிணற்றடியில் பாத்திரம் கழுவும்போது அறிவிப்பாளர்போலப் பேசுவாள். ‘நேரம் சரியாக நாலு மணி முப்பது நிமிடம்’ என்பாள், எங்கள் வீட்டில் சரியான கடிகாரம் இல்லாதபோதும். அவளது சபை நானும் இரண்டு கோழிகளும்.

நேயர் விருப்பத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு தபாலட்டையில் பாட்டின் முதலடியையும் படத்தின் பெயரையும் எழுதி, கீழே உங்கள் பெயரையும் வீட்டார் பெயர்களையும் ஊரையும் எழுதி அனுப்பினால், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு நாள் பாட்டுக்கு முன் அப்பெயர்கள் வாசிக்கப்படும். பருத்தித்துறை, மாத்தளை, ஹட்டன், ஏறாவூர், புத்தளம் என்று ஊர்கள் வரிசையாக வரும். இந்த நாட்டின் வரைபடத்தை நான் படித்தது அப்படித்தான். தோட்டத்து லயத்துப் பிள்ளையும் யாழ்ப்பாணத்து வாத்தியார் மகனும் எங்களூர்க் கடைக்காரரும் ஒரே பாட்டுக்காக ஒரே மூச்சில் வாசிக்கப்பட்ட இடம் வேறெங்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதில் முஸ்லிம் ஆண்களின் பெயர்கள் தாராளமாக வரும். பெண்களின் பெயர்கள் கொழும்பு, கண்டிப் பக்கத்திலிருந்து வரும். எங்கள் கரையிலிருந்து வந்ததாக நான் கேட்டதில்லை.

1974 நடுப்பகுதியில் ஒரு நாள் ராத்தா என்னிடம் ஒரு தபாலட்டையைத் தந்து, தபால் கந்தோர்ப் பெட்டியில் போட்டுவரச் சொன்னாள். எனக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்குப் பதினாறு. வழியில் வாசித்தேன். அவளுடைய பெயர் மட்டும், ஊரோடு. வாப்பாவின் பெயரோ என்னுடைய பெயரோ இல்லை. அதுதான் எனக்குக் கோபம். என் பெயரை எழுதாததற்காகப் போடாமல் விடுவோமா என்று பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போட்டேன்.

மூன்று நாலு கிழமைக்குப் பிறகு அது வந்தது. எங்கள் வீட்டில் பெட்டரி தீர்ந்திருந்த நாள். அவளுடைய பெயர் வானொலியில் ஒலித்ததை அவள் கேட்கவே இல்லை. ஊர் கேட்டது. சந்தியில் தேநீர்க் கடையில் பெரிய றேடியோவொன்று எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். அங்கிருந்து ஒருவர் வாப்பாவிடம், ‘காக்கா, உங்கட மகள்ட பேரு றேடியோவில வந்திச்சே’ என்று சொன்னாராம். அவர் குற்றமாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாப்பாவுக்கு அது ஒரு விதமாகத்தான் கேட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்தவர் சத்தம் போடவில்லை. றேடியோவை ஒரு பழைய சாரத்தால் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகுதான் கேட்டார்: ‘அட்டைய ஆர் தபாலில போட்டது?’ நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ராத்தா, ‘நான்தான் வாப்பா, பள்ளிக்கூடம் போற வழியில’ என்றாள். அந்தப் பதில்தான் அவளுடைய பள்ளிக்கூடத்தை முடித்தது. தபாலட்டை போடும் வழி பள்ளிக்கூடத்து வழியென்றால் அந்த வழி இனி வேண்டாம் என்றாகிவிட்டது. நான் வாயைத் திறந்திருந்தால் எனக்கு நாலு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் திறக்கவில்லை.

செப்டெம்பர் நடுவில் நோன்புப் பிறை. ஏறக்குறைய மூன்று மாதம் பூட்டிக் கிடந்த பெட்டியை வாப்பா வெளியே எடுத்து, எங்கிருந்தோ புதுப் பெட்டரி வாங்கிவந்து போட்டார். முற்றம் பழையபடி நிறைந்தது. ராத்தா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. றேடியோவுக்குத் தண்டனை முடிந்துவிட்டது என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது.

நான் பல வருடங்களாக யோசித்துப் பார்த்த விடயம் ஒன்று உண்டு. அதே வானொலியில் மரண அறிவித்தல்கள் வாசிக்கப்பட்டன. இலங்கைத் தமிழ் வானொலியின் மிகப் பெரிய சமூகப் பணி அதுதான் என்றுகூடச் சொல்வேன். தொலைபேசி இல்லாத ஊர்களுக்குச் சாவு அந்த வழியாகத்தான் வந்தது. நாங்கள் நேரங்கடத்தாமல் நல்லடக்கம் செய்பவர்கள் என்பதால், தூரத்து உறவினருக்கு அறிவித்தல் எட்டும்போது சிலவேளை எல்லாம் முடிந்திருக்கும். எனினும் வாசிப்பார்கள். அதில் பெண்களின் பெயர்கள் முழுமையாக வரும்: இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று சங்கிலியாக. அதே தேநீர்க் கடையில் அந்தப் பெயர்கள் ஒலிக்கும்போது ஆண்கள் தலைகுனிந்து ‘இன்னா லில்லாஹி’ சொல்வார்கள். ஒரு பெண்ணின் பெயரை அந்நிய ஆண் உச்சரித்ததாக யாருக்கும் தோன்றியதில்லை. மௌத்தான பெண்ணின் பெயருக்கு இருந்த அனுமதி ஹயாத்தோடிருந்த பெண்ணின் பெயருக்கு இருக்கவில்லை. 1978இல் மூத்தம்மா மௌத்தானபோது வாப்பாவே ஆள் அனுப்பி அறிவித்தல் கொடுத்தார். அந்நியக் குரல் வேண்டாமென்ற மூத்தம்மாவின் பெயரை ஓர் அந்நியக் குரல் நாடு முழுக்கச் சொல்லிற்று. வீட்டார் எல்லாரும் சுற்றியிருந்து கேட்டோம். வாப்பா அழுதார். ராத்தா அப்போது கைக்குழந்தையோடு இருந்தாள்; 1976இலேயே அவளுக்குக் கலியாணம் முடிந்திருந்தது.

அதற்கிடையில் 1977 வந்து போயிற்று. திறந்த பொருளாதாரம் என்றார்கள். இறக்குமதிக் கதவு திறந்தது. வளைகுடாவுக்கு ஆட்கள் போகும் கதவும் திறந்தது. விடுமுறையில் வந்தவர்கள் தோளில் நஷனல் பெனசோனிக் பெட்டிகளோடு வந்தார்கள். றேடியோவும் கெசட்டும் ஒன்றாக இருந்ததால் அதற்கு ‘டூ இன் வன்’ என்று பெயர். நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரல் அதன்பிறகு வானொலியின் தயவை எதிர்பார்க்கவில்லை. கலியாண வீடு, கடை, வான் எல்லாவற்றிலும் கெசட்டிலிருந்து ஒலித்தது. சீதனப் பேச்சில் ‘ஒரு டூ இன் வன்’ என்று சேர்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். ஹராம், ஹலால் வாதம் அந்தக் கட்டத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கெசட் எங்கள் பெண்களுக்குச் செய்த ஒரு நன்மையை யாரும் எழுதி நான் காணவில்லை. ராத்தாவின் மாப்பிள்ளை 1979இல் சவூதிக்குப் போனார். எழுத்து ஓடாத பெண்கள் கடிதம் எழுத அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கெஞ்சவேண்டும். சொல்லவேண்டியதைச் சொல்லவும் முடியாது. அறுபது நிமிடக் கெசட் ஒன்றில் பேசி, விடுமுறை முடிந்து போகிறவரின் கையில் கொடுத்துவிட்டால் போதும். அழுகையும் அதட்டலும் பிள்ளையின் மழலையும் கோழிச் சத்தமும் சேர்த்து ரியாத்துக்குப் போகும். எழுதப் படிக்கத் தெரிந்த ராத்தாவும் கெசட்டில்தான் பேசினாள். ஒரு முறை நான் பெட்டியை இயக்கிக் கொடுத்தேன். சிவப்புப் பொத்தானை அமுக்கியதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமலிருந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்: ‘நேரம் சரியாக நாலு மணி முப்பது நிமிடம்.’ சிரிப்பு வந்து நிறுத்தச் சொன்னாள். அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினோம். அந்த ஒரு வரியை அழிக்காமல் விட்டிருக்கலாம் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1979இல் சுயாதீன தொலைக்காட்சி, 1982 பெப்ரவரியில் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி. எங்களூருக்கு மின்சாரமும் அன்டெனாவும் வந்து சேரத் தாமதமாயிற்று. வந்தபோது முற்றம் முழுக்கப் பிள்ளைகள். சில வருடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி, முற்றம் காலி. எல்லா இடத்திலும் நடந்ததுதான்.

போர் வந்தபின் வானொலிக்கு வேறு வேலை வந்தது. ஊரடங்குச் சட்டம் எத்தனை மணிக்கு, எங்கே என்று கேட்கத்தான் காலையில் திறப்போம். அரச வானொலியை ஒரு காதாலும், இரவில் பிபிசி தமிழோசையை மறு காதாலும் கேட்டு, இரண்டையும் கூட்டிக் கழித்து உண்மையை ஊகித்துக்கொள்வது ஒரு பழக்கமாயிற்று. லண்டனில் 1941இல் தொடங்கிய சேவை அது. அதன் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் நின்றுபோனது. யாழ்ப்பாணத்தில் பெட்டரிக்குத் தடையிருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். ஒக்டோபர் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த நண்பரொருவர், வீட்டிலிருந்து எடுத்துவர முடியாத பொருட்களைக் கணக்குச் சொல்லும்போது நகைக்கு முதல் றேடியோவைச் சொன்னார். அதே வருடம் ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் எங்கள் வீட்டில் வாப்பா றேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தத்தை மிகக் குறைத்து, காதை ஒட்டவைத்துக் கொண்டிருந்தார். செய்தியில் எண்ணிக்கை சொன்னார்கள். ‘பேரச் செல்றானில்ல, பேரச் செல்றானில்ல’ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். காத்தான்குடியில் எங்களுக்கு உறவினர் இருந்தார்கள். பெயர்களை வாசிக்கவேண்டுமென்று வாப்பா வானொலியிடம் கேட்டதை வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

1998இல் சூரியன், சக்தி என்று தனியார் பண்பலைகள் தமிழுக்கு வந்தன. தபாலட்டை செத்தது. தொலைபேசியில் எடுத்து, நேரடியாக அறிவிப்பாளரோடு பேசிப் பாட்டுக் கேட்கலாம். இந்த அறிவிப்பாளர்களின் தமிழைப் பற்றிப் பழைய நேயர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நானும் ஒரு பத்திரிகையில் காட்டமாக எழுதினேன். இன்று அதை வாசிக்க வெட்கமாயிருக்கிறது. ழகரம் போனதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நான், எங்கள் கரையிலிருந்து பெண்பிள்ளைகள் தம் சொந்தக் குரலில் பெயரும் ஊரும் சொல்லிப் பேசியதைக் கவனிக்கவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளை பேசினாள். தேநீர்க் கடையில் கேட்டவர்கள் சிரித்தார்கள்; அன்றோடு முடிந்தது. அவளுடைய வாப்பா றேடியோவைப் பூட்டவில்லை. பூட்டியும் பயனில்லை, கைத்தொலைபேசிக்குள் வானொலி வந்துகொண்டிருந்தது. பிற்காலத்தில் அக்கரைப்பற்றிலிருந்தே ‘பிறை எஃப்.எம்.’ ஒலித்தது. பிறையும் பாட்டும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன என்று மூத்தம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பாவோ.

வாப்பா 2003இல் மௌத்தானார். கடைசி வருடங்களில் காது மந்தம். அந்தப் பிலிப்ஸ் பெட்டி என்னிடம் இருக்கிறது, பாடாது. பின்பக்கத்து மூடியில் பெட்டரி கசிந்த பச்சைக் கறை இன்னும் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது ராத்தாவைப் பார்க்கப் போனேன். அவளுக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல். பேத்தி ஒருத்தி பக்கத்தில் இருந்து, சமையல் செய்வதைப் படம் பிடித்துத் தன் பெயரோடு தொலைபேசியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்களாம். ராத்தா அந்தப் படத்தில் வரக்கூடாதென்று அடுப்புக்கு மறுபக்கம் ஒதுங்கி நின்றாள்.

தபாலட்டையை நான்தான் போட்டேன் என்று வாப்பாவுக்குச் சொல்லாமலே விட்டதைச் சொன்னேன். ‘அதுக்கென்ன இப்ப’ என்றாள். பிறகு, ‘அண்டைக்கு எப்பிடி வாசிச்சாங்களாம்? நீ கேட்டியா?’ என்றாள். நான் கேட்கவில்லை. கடைக்காரர் சொன்னதாக வாப்பா சொன்னது மட்டுமே எங்கள் இருவருக்கும் தெரியும். பெயரைச் சரியாக உச்சரித்தார்களா, வேறு எந்தெந்த ஊர்களோடு சேர்த்து வாசித்தார்கள் என்று அவள் இந்த ஐம்பது வருடமாக யோசித்திருக்கிறாள். கேட்டவர்களில் இப்போது ஹயாத்தோடு இருப்பவர் யாரும் இல்லை.

உன்னுடைய பெயரை இதில் எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். ‘மகன்ட்டக் கேட்டுச் செல்றன்’ என்றாள்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி எடுத்தாள். ‘எழுத வேணாம் தம்பி. மகன் ஒண்டும் செல்லல்ல, எழுதட்டும் எண்டுதான் செல்றான். எனக்குத்தான் ஒரு மாதிரிக் கிடக்கு.’ வைக்கப்போனவள் திரும்பவும், ‘ராத்தா எண்டு எழுது. அது போதும்’ என்றாள்.